வெள்ளிக்கிழமைப் பயிற்சி

நான் எழுதியவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் ஓர் இன்ஸ்பெக்டரும் ஓர் அரசு வக்கீலும் ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறார்கள். அது என் நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பு அல்ல. அந்தத் தொகுப்பு வீட்டுப் பரண்மேல் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. கரையான்கூட முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. நான் சொல்வது நீல அட்டை போட்ட ஒரு பதிவேடு. ‘தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி’ என்று மேலே சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டு மத்தியானங்களில் எழுதி முடித்தேன். அதில் நடந்தது என்று சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது. அதைக் காட்டித்தான் என் நண்பனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு டேனரியில் பதினெட்டு வருடம் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். பச்சைத் தோல் உள்ளே வந்து, சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் புரண்டு, பளபளப்பாக வெளியே போகும். நான் காகிதத்தைப் பார்த்துக்கொள்பவன். தோலைப் பதம் செய்ய எங்களிடம் ஆட்கள் நிறைய உண்டு. காகிதத்தைப் பதம் செய்ய நான் ஒருவன்.

வெளிநாட்டில் ஷூ விற்கிறவர்கள் எங்களிடம் தோல் வாங்குவதற்கு முன்னால் ஆடிட் என்று ஆள் அனுப்புவார்கள். அந்த நாட்களை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் எல்லாருக்கும் புதுக் கையுறை, புது மாஸ்க், புது கம்பூட்ஸ் கொடுப்போம். சாயங்காலம் எண்ணி வாங்கி வைத்துக்கொள்வோம். கக்கூஸில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் முதல்முறையாக மருந்து இருக்கும். “எட்டு மணி நேரம்தான் வேலை, மேனேஜர் தங்கமானவர்” என்று சொல்லத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்போம். அவர்களில் பாதிப் பேர் அதை என்னைவிட நன்றாக நடிப்பார்கள்.

அந்த வருடம் ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்னால்தான் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது, பயிற்சிப் பதிவேடு இல்லை என்று. பன்னிரண்டு மாதமாக மாதம் ஒரு பயிற்சி நடந்ததாகக் காட்ட வேண்டும். நடக்கவில்லை. இது எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. சென்னையில் இதற்கென்றே இருக்கும் ஒரு ஆலோசகர் ஈமெயிலில் ஒரு படிவம் அனுப்பினார். பன்னிரண்டு தேதிகள் அதிலேயே அச்சாகியிருந்தன. மற்றதை நிரப்புவது என் வேலை. “உங்களுக்குத்தான் சார் கை ஓடும்” என்றார் மேனேஜர். எழுதுகிறவனை இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கொலைக் கடிதம்கூட எழுதிக் கொடுத்துவிடுவான்.

நான் உட்கார்ந்தேன். மாதத்துக்கு ஒரு பேனா மாற்றினேன். மார்ச் மாதப் பக்கத்தில் டீ டம்ளரை வைத்து ஒரு வட்டம் போட்டேன். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் ஆட்களை நிறுத்தி வரிசையாகக் கையெழுத்து வாங்கினோம். என் நண்பன் அங்கே சூப்பர்வைசர். கழிவுநீர்த் தொட்டிகளும் அவன் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவன். நின்றபடியே பேனா மாற்றி மாற்றிப் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டான். கை மாறினால் கையெழுத்தும் மாறும் என்று இரண்டை இடது கையால் வேறு போட்டுப் பார்த்தான்.

“ஒரு வருஷத்த அஞ்சு நிமிஷத்துல வாழ்ந்துட்டேண்ணா” என்றான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். தலைப்பு, தேதி, கையெழுத்து போதும். ஊரில் எல்லாக் கம்பெனிகளின் பதிவேடும் அப்படித்தான் இருக்கும். எனக்குத்தான் அது வறட்சியாகப் பட்டது. ஒவ்வொரு பயிற்சியின் கடைசியிலும் ‘தொழிலாளர் கேட்ட கேள்விகள்’ என்று ஒரு பகுதி சேர்த்தேன். கையுறை கிழிந்தால் யாரிடம் சொல்வது என்று ஒருவர் கேட்டார். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எவ்வளவு நேரம் கழுவுவது என்று ஒரு பெண் கேட்டார். இல்லாத கூட்டத்தில் இல்லாத ஆட்களின் சந்தேகங்கள் எனக்கு வந்துகொண்டே இருந்தன. ஆகஸ்ட் மாதம் தொட்டிப் பாதுகாப்பு. அதற்கு ஒரு நல்ல கேள்வி தோன்றியது. ‘தொட்டியில் நாற்றம் இல்லாவிட்டால் பயமில்லாமல் இறங்கலாமா?’ பதில்: ‘கூடாது. விஷவாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரையும் இறக்கக் கூடாது.’

பன்னிரண்டு மாதங்களிலும் இதுதான் அறிவுள்ள கேள்வி. இதை முதலில் ஒரு வயதான தொழிலாளிக்குக் கொடுப்பதாக இருந்தேன். பிறகு என் நண்பனுக்கு அந்த வருடம் அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி வரலாம் என்று பேச்சிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு உதவியாக இருக்கட்டும் என்று அவன் பெயரைப் போட்டேன்.

அவன் படித்துப் பார்த்தான். “இவ்ளோ அறிவாவா கேட்டேன் நானு?” என்றான்.

ஆடிட் செய்ய வந்த வெள்ளைக்காரர் கேள்வி பதில் பகுதியை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார். மேனேஜர் எனக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு ஒரு பெட்டி வரவழைத்தார். எழுத்துக்காக எனக்கு அதுவரை கிடைத்திருந்த மரியாதைகளில் அது முதல் இடம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை வேளையில் தொட்டி அடைத்துக்கொண்டது. தண்ணீர் போனால்தான் தோல் புரட்டும் டிரம்கள் ஓடும். கழிவு உறிஞ்சும் லாரிக்கு என் நண்பன் சொல்லிவிட்டான். சாயங்காலம்தான் வர முடியும் என்றார்கள். மறுநாள் கன்டெய்னர் போயாக வேண்டும். சென்னையில் இருந்த மேனேஜர் போனில் அவனிடம், ஆளை இறக்கி அடைப்பை எடு என்றார். மாதனூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரிடம் என் நண்பன் இறங்கச் சொன்னான். மீட்டர் என்று ஒன்று எங்கள் கம்பெனியில் கிடையாது. அது என் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்த மனிதர் ஏணியில் பாதி இறங்கி, மேலே பார்த்து, “இன்னிக்கு நாத்தமே இல்ல” என்றாராம். அப்புறம் உட்கார்ந்தார். அப்படியே சரிந்தார். என் நண்பன் அவரைத் தூக்க இறங்கி, அவனும் ஏணியிலேயே மயங்கினான். அவனை பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவன் வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து பிழைத்தான். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. குற்றப்பத்திரிகையில் ஒரே ஒரு பெயர்தான், என் நண்பனுடையது. மேனேஜர் போன் செய்தது உண்மை, ஆனால் கன்டெய்னர் எப்போது கிளம்பும் என்று கேட்கத்தான் என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். கம்பெனி என் நீலப் பதிவேட்டைப் போலீஸில் ஒப்படைத்தது. எல்லாப் பயிற்சியும் கொடுத்திருக்கிறோம். ஆபத்து சூப்பர்வைசருக்குத் தெரியும். பாருங்கள், அவரே கேட்டிருக்கிறார், இதோ பதில், இதோ கையெழுத்து. தெரிந்தே இறக்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். காபியை இருவரும் தொடவில்லை. என்னை எதுவும் கேட்கவும் இல்லை. குற்றப்பத்திரிகை நகலை என் முன்னால் வைத்தார்கள். ஆகஸ்ட் மாதப் பக்கம் மேலாக இருந்தது. கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று நானே சொன்னேன். உடனே சொன்னேன். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன்.

அவர்கள் பிடித்திருந்த வக்கீல் ஒரு பெண்மணி. என் வயது இருக்கும். அவர் அப்பா டேனரியில் தோல் சீவியவர். அதனால் அவருக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆம்பூர் கோர்ட்டுக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி லேசாக நடுங்கும். வாரம் ஒரு சாயங்காலம் அங்கே போனோம். சாட்சி சொல்வதற்கு ஒத்திகை என்று ஒன்று உண்டு என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

முதல் நாளே கேட்டார்: பதிவேட்டுக்கு முந்தைய குறிப்பு, கிறுக்கல், அடித்த காகிதம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் நேராக எழுதுபவன் என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

“அது நமக்கு நஷ்டம் சார்” என்றார்.

பிறகு அவரே அரசு வக்கீலாக மாறி என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

“நீங்க எழுத்தாளரா?”

“சுமாரா எழுதுவேன் மேடம்.”

“கோர்ட்ல தன்னடக்கம் எடுபடாது. ஆமான்னு சொல்லுங்க. கற்பனையா எழுதுவீங்களா?”

“ஆமா.”

“அப்போ நீங்க இப்போ சொல்றதும் கற்பனைன்னு நான் சொல்றேன்.”

என் கற்பனைக்கு இவ்வளவு வேகம் கிடையாது என்று ஒரு பதில் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். “ஒரு ஆள் செத்துட்ட கேஸு சார் இது. அவரோட சம்சாரம் பெஞ்சுல உக்காந்து உங்களப் பாத்துனு இருக்கும். நீங்க ஜோக் சொன்னா மாஜிஸ்ட்ரேட் சிரிப்பாரு. சிரிச்சிட்டு இவர உள்ள போட்டுடுவாரு.”

நான் இரண்டு வாரம் ஜோக் இல்லாமல் பேசப் பழகினேன். சிகரெட்டை விட்டபோது இவ்வளவு கஷ்டப்படவில்லை.

என் நண்பனைத் தயார் செய்வது அவருக்கு இன்னும் கடினமாக இருந்தது. அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் ஆர்வமே காட்டவில்லை. என்ன கேட்டாலும் ஒரே இடத்துக்கு வந்து நின்றான்.

“எறங்குன்னு நான்தான மேடம் சொன்னேன். செத்தவரு சம்சாரம் எதிர்ல நின்னு சொல்லலன்னு எப்டி சொல்றது?”

“சொல்லலன்னு யார் சொல்லச் சொன்னா? நீங்க சொன்னீங்க. உங்களுக்கு யாரு சொன்னாங்க? அதையும் சேத்துச் சொல்லுங்க. ஒண்ண மட்டும் சொல்லிட்டு ஒண்ண முழுங்கினா அதுக்குப் பேரு நேர்மை இல்ல, அதுதான் ஜெயிலு.”

அவன் தலையாட்டினான். அடுத்த வாரம் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றான்.

வழக்கு திரும்பியது மூன்றாம் மாதத்தில் ஒரு சாயங்காலம். வக்கீல் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு தேதியாகப் படித்து, அன்றைக்கு வேறு எங்காவது இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. பக்கத்தில் அவன் மனைவி போனில் காலண்டரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாலாவது தேதியில் நிமிர்ந்தாள்.

“மேடம், இது வெள்ளிக்கெழம.”

“சரி?”

“மொதல்ல சொன்ன மூணும் வெள்ளிதான்.”

எங்கள் பக்கத்தில் பல டேனரிகளுக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளி. எங்கள் கம்பெனிக்கும் அப்படித்தான். சென்னை ஆலோசகருக்கு அது தெரியாது. மாதத்தின் கடைசி வெள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு தேதி போட்டிருக்கிறார். வெள்ளைக்காரருக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் பத்து மணிவரை தூங்கும் எனக்குத் தெரியும். ஆனால் காகிதத்தில் இருந்தது வெறும் எண்கள். நான் கேள்வி பதிலில் மூழ்கியிருந்தேன்.

அவளுக்குத் தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவள் கம்பெனிக்கு ஞாயிறு லீவு. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் பண்டிகை தவிர இருவருக்கும் ஒரே நாளில் லீவு வந்ததில்லை. “வெள்ளிக்கெழமன்னா இவருதான் சோறாக்கி, துணி தொவச்சி வெப்பாரு. நான் வர்றப்ப கொடியில துணி இருக்கும். ஆகஸ்டு கடைசி வெள்ளி கம்பெனிக்குப் போனாருன்னா அன்னிக்கு யாரு தொவச்சது?” என்றாள்.

வக்கீல் முதல்முறையாகச் சிரித்தார். கேட் பூட்டிய கம்பெனியில் பன்னிரண்டு முறை பயிற்சி நடந்திருக்கிறது. மேனேஜர் சாட்சி சொல்ல வரும்போது இதை அவர் முகத்துக்கு நேராக வைப்பதாகச் சொன்னார். அது விழுந்தால் பதிவேடு விழும். பதிவேடு விழுந்தால் தெரிந்தே செய்தான் என்பது விழும். மேனேஜர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். போனில் என்ன பேசினார் என்ற கேள்வி அவர் பக்கம் திரும்பும். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். எங்கள் மூவரையும் பார்த்துத்தான் சொன்னார். படியிறங்கும்போது என் நண்பன் மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் கேன்டீனில், ஸ்டோரில் வேலை பார்க்கும் என் பழைய தோஸ்த்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். வழக்கைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாகத்தான் இருந்தேன். வழக்கைப் பற்றிச் சொல்லவும் இல்லை. இரண்டு மாதமாக ஜோக்கே சொல்லாமல் இருந்தவனுக்குக் கையில் இப்படி ஒரு சரக்கு. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து, பூட்டிய கம்பெனிக்குள் நடந்த வகுப்பைப் பாராட்டிவிட்டுப் போன வெள்ளைக்காரரைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். அந்த ஆள் டீ புரையேறச் சிரித்தான். அடுத்த மேஜையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல ஜோக்குக்கு ஒரு குணம், அது சொன்ன இடத்தில் நிற்காது.

அதற்கு மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். கோபமாக இல்லை. என் மகளுக்கு வரன் பார்க்கிறோமே, அது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். பிறகு, பயிற்சி நடந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சிறப்பு வேலை நாட்களாக அறிவிக்கப்பட்டிருந்தன, அவற்றின் வருகைத் தாள்கள் என் அலமாரியில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார். அப்படி எதுவும் இல்லை என்றேன். அப்படியானால் எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

முடியாது என்று சொன்னேன். இதை நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் அன்றைய தினத்தில் பதிவு செய்யத் தகுந்தது அது ஒன்றுதான். அவர் வற்புறுத்தவில்லை. “நீங்க எழுத வாணாம் சார். பழைய காலி ஃபாரமும் சீலும் அலமாரியில இருக்குல்ல? சாவிய மட்டும் வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க.”

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். கையில் கொடுக்கவில்லை, மேஜைமேல்தான் வைத்தேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வித்தியாசம் வாணியம்பாடி போகிற பஸ்ஸில் ஆம்பூர் தாண்டும்வரை பெரிதாகத்தான் தெரிந்தது.

வக்கீலுக்குப் போன் செய்திருக்கலாம். அன்று இரவே அவர் ஏதாவது மனுப் போட்டிருப்பார், அல்லது அந்தத் தாள்கள் வருமுன்பே வேறு வழி யோசித்திருப்பார். போன் செய்தால் முதலில் கேன்டீனைச் சொல்ல வேண்டும். பிறகு சாவியைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பல நாளைகள் போயின.

மேனேஜர் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று, வக்கீல் அழகாகக் கட்டிக்கொண்டு போனார். கம்பெனிக்கு வார விடுமுறை என்றைக்கு? வெள்ளி. விடுமுறை நாளில் கேட் திறந்திருக்குமா? பொதுவாக இருக்காது. இந்தப் பன்னிரண்டு தேதிகளும் என்ன கிழமை என்று சொல்ல முடியுமா? மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: வெள்ளி, பயிற்சிக்காக அறிவித்த சிறப்பு வேலை நாட்கள். பையிலிருந்து பன்னிரண்டு தாள்களை எடுத்து, ஆபீஸ் அலமாரியில் இருந்த வருகைத் தாள்கள் என்றார். எல்லாவற்றிலும் சீல் இருந்தது. என் நண்பனின் கையெழுத்தும் இருந்தது. அவன் அது தன்னுடையது இல்லை என்றான். பதிவேட்டில் அவன் கையெழுத்து ஏற்கனவே பன்னிரண்டு விதமாக இருந்ததால் பதின்மூன்றாவது விதத்தைப் பொய் என்று நிரூபிக்க வழியில்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடை மாடியில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் என்னிடம் கேட்டார்: “அந்தத் தாளெல்லாம் எங்கிருந்து சார் வந்துச்சு?”

“தெரியல மேடம்.”

“உங்க அலமாரிதான?”

“ஆமா. ஆனா தெரியல.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் அப்பா தோலைப் பார்க்கும்போது அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்; எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று. சரி, இனி நீங்கள் ஒருவர்தான் எங்களுக்கு மிச்சம் என்றார். அவன் மனைவி எனக்காக வாங்கிவைத்திருந்த டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

என் முறை வந்தபோது நன்றாகத்தான் தொடங்கினேன். பயிற்சி நடக்கவில்லை என்றேன். இரண்டு மத்தியானத்தில் எழுதினேன் என்றேன். ஆகஸ்ட் மாதக் கேள்வி என்னுடையது, அவர் கேட்கவே இல்லை, பதவி உயர்வுக்கு உதவும் என்று அவர் பெயரைப் போட்டேன் என்றேன். ஒரு ஜோக் சொல்லவில்லை. இறந்தவரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்மேல் மரியாதைகூட வந்தது. அது வந்திருக்கக் கூடாது. நான் அதுவரை ஒப்புக்கொண்டது ஊரில் எல்லாக் கம்பெனியும் செய்கிற காரியம். அதற்கு யாரும் யாரையும் பிடிக்கப் போவதில்லை. வழக்கு நடக்கும்போது கோர்ட்டுக்குப் பொய்த்தாள் தயாராக வழிவிட்டது வேறு. அது என் சொந்தக் காரியம்.

அரசு வக்கீல் எழுந்து, நான் கட்டுரையெல்லாம் எழுதுவேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கற்பனை கலந்தா? ஆமாம். எல்லாம் ஒத்திகையில் வந்த கேள்விகள்தான். பிறகு வருகைத் தாள்களைக் கையில் எடுத்தார்.

“இதெல்லாம் இருந்த அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

“என்னிடம்.”

“வேற யார்கிட்டயாவது இருக்குமா?”

“இருக்காது.”

“இந்த ஒரு வருஷத்துல எப்பவாவது யார்கிட்டயாவது குடுத்திருக்கீங்களா?”

எங்கள் வக்கீல் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மேனேஜர் கடைசி வரிசையில் இருந்தார். என் மகளைப் பெண் பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். என் நண்பன் எதிர்க் கூண்டில் நின்றபடி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பதற்றமே இல்லை; நான் சொல்லப் போகும் எதுவாக இருந்தாலும் அது அவனுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி.

“நினைவில்லை” என்றேன்.

அரசு வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே பேனாவால் போட்டேன்.

தீர்ப்பில் எனக்கென்று இரண்டு பத்திகள் இருந்தன. சாவி இந்தச் சாட்சியிடம் மட்டுமே இருந்ததாகவும், வேறு எவரிடமும் கொடுத்ததாக அவரே சொல்லவில்லை என்பதாலும், வருகைத் தாள்கள் ஆரம்பம் முதலே அங்கே இருந்தவை என்று கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே பயிற்சி நடந்திருக்கிறது. ஆகவே பயிற்சி நடக்கவில்லை என்று சொல்லும் இந்தச் சாட்சி நண்பருக்காகப் பேசும் நம்பத்தகாத சாட்சி. பதிவேட்டில் உள்ள கேள்வி பதில்களோ இயல்பாகவும் நேரில் கேட்டு எழுதியது போலவும் இருக்கின்றன. என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த ஒரே விமர்சனம் இதுதான்.

ஓராண்டு சிறை. மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். வெளியே வராந்தாவில் இறந்தவரின் மனைவி என் நண்பன் முன்னால் வந்து நின்றார். அவன் கை கூப்பினான். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“உன்ன மட்டுமா உள்ள போடறாங்க?” என்றார். “உனக்கு மேல யாரும் இல்லியா?”

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. அதனால் என் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார்.

கம்பெனி என்னை நீக்கவில்லை. பதிவேடு பொய் என்று கோர்ட்டில் சொன்னவனை வைத்துக்கொண்டிருப்பது ஏன் என்று சிலருக்கு ஆச்சரியம். எனக்கில்லை. வாணியம்பாடியிலிருக்கும் வேறொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் பக்கம். மகளுக்கு அந்தக் குடியாத்தத்து இடமே முடிந்தது. என் நண்பனை எந்த டேனரியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ஜெராக்ஸ் கடை மாடி ஏறினேன். திருப்பத்தூர் கோர்ட்டில் மேல்முறையீடு வரப்போகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். வக்கீல் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். கேன்டீனையும் சாவியையும் சொன்னேன். மேஜைமேல் வைத்தேன் என்பதைக்கூடச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“இத எப்ப சொல்லியிருக்கணும் தெரியுமா சார்?”

“தெரியும் மேடம். இப்ப வந்து கோர்ட்ல சொல்றேன்.”

“அப்பீல்ல புதுசா சாட்சி எடுக்கறது அவ்ளோ சுலபம் இல்ல. அங்க பாக்கறது ஏற்கனவே என்ன பதிவாகியிருக்குன்னுதான். நான் மனு போட்டுக் கேக்கலாம். மொத கேள்வி, அன்னிக்கு ஏன் நினைவில்லன்னு சொன்னீங்கன்னு வரும். நம்பத்தகாத சாட்சின்னு ஏற்கனவே எழுதி வெச்சிருக்காங்க. இப்ப மூணாவது தடவையா வேற ஒண்ணு சொல்றீங்க.”

மனு போடுங்கள் என்றேன். எழுதித் தருகிறேன், என்மேல் வழக்கு வந்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். எழுதினேன். அலங்காரம் இல்லாமல் ஒரு பக்கம். படித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதறீங்க” என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. தாளை வழக்குக் கட்டுக்குள் வைத்துக் கட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “அவங்க ரெண்டு பேரும் வர்ற நேரம். இத நான் அவங்களுக்குச் சொல்லியாகணும். நீங்க கெளம்பிடுங்க சார்.”

பாதிப் படியில் அவர்கள் ஏறி வந்தார்கள். குறுகலான படி. அவள் என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வழி விட்டாள்.

“எங்களுக்காகத்தான் வந்தீங்களாண்ணா?” என்றான் அவன். “மேடம் இன்னா சொன்னாங்க?”

மேலே போங்கள், சொல்வார்கள் என்றேன்.